குசினிக் கதவு பூட்டுதோ என்று கேட்ட மகனுக்கு

தம்பி, குசினிக் கதவு பூட்டவில்லை. இனிப் பூட்டவும் மாட்டாது. அடுத்த தடவை நீ போன் எடுத்துக் கேட்பதற்கு முன்னமே சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா மறைத்துவிட்டா என்று சொல்லாதே. கதவின் நிலை ஒரு பக்கம் சாய்ந்து, மேல்மூலையில் என் கை போகிற அளவுக்கு இடைவெளி விட்டு நிற்கிறது. அதற்குப் பின்னால் இருந்த சுவர்மூலையும், அம்மி இருந்த இடமும், மீன் அறுக்கிற கல்லும் இப்போது இல்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும், அப்பா போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். நான் எழுதுவது மற்ற விஷயங்களைப் பற்றி. அவற்றைப் போனில் சொல்ல ஏலாது, ஏனென்றால் நான் ஒரு வசனம் முடிப்பதற்குள் நீ "அம்மா, பதட்டப்படாதேங்கோ" என்கிறாய். நான் பதட்டப்படவில்லை. எனக்குக் கோபம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே நீ மாப்பிள்ளையாகப் போகிறாய்.

நீ அனுப்பிய விமானச் சீட்டும் வந்து சேர்ந்தது. எனக்கும் அப்பாவுக்கும், சிங்கப்பூருக்கு. அதற்கு முன்னமே யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா போன் எடுத்து, "அறை எல்லாம் துப்புரவாக்கிப் போட்டன், எப்ப வாறியள்?" என்று கேட்டா. என்ன அறை, ஆர் வாறது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீட்டு வரும்வரை நாங்கள் அவவோடு இருக்க வேண்டும் என்று நீ அவவிடம் கதைத்து முடித்துவிட்டாயாம். நான் என் வீட்டை விட்டு எங்கே போகிறேன் என்பது உனக்குத் தெரியும், பெரியம்மாவுக்குத் தெரியும், விமானக் கம்பெனிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இந்தக் கடிதத்தை எங்கள் கோயில் பங்கின் சஞ்சிகைக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அப்பா வேண்டாம் என்கிறார். ஆனால் ஊர்காவற்துறையில் பிள்ளையை வெளியூரில் வைத்திருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கூத்துத்தான், ஆகவே நாலு பேர் வாசித்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

பாஸ்காத் திருநாளுக்கு நீ லீவில் வந்து நின்றபோது, சாப்பாட்டு மேசையில் நண்டுக் காலை உடைத்துக்கொண்டே உன் வேலையைப் பற்றிச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? வீதிக்குக் கீழே ரயில் போகச் சுரங்கம் வெட்டுகிறார்கள், நிலம் ஒரு இடத்தில் சேறு, ஒரு இடத்தில் பாறை, மேலே சனம் குடியிருக்கிற பழைய வீடுகள். அந்த வீடுகள் அசைகின்றனவா என்று பார்ப்பதுதான் உன் உத்தியோகம். சுவரிலும் நிலத்திலும் ஆழமாய் இறக்கிய குழாய்களிலும் கருவி வைத்து நாளும் பொழுதும் வாசிப்பீர்கள். இரண்டு எல்லை போட்டிருப்பீர்கள். வாசிப்பு முதல் எல்லையைத் தொட்டால் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும், இரண்டாவதைத் தொட்டால் வேலையை நிறுத்திப்போட்டு ஆட்களை வெளியே எடுக்க வேண்டும். அப்போது ஒரு சீனக் கிழவியின் கதையும் சொன்னாய். அவவின் வீட்டுச் சுவர் முதல் எல்லையைத் தொட்டபோது நீயே போய்க் கதவைத் தட்டினாயாம். பாஷை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், உங்கள் வீடு கொஞ்சம் அசைகிறது, இப்போதைக்கு ஆபத்தில்லை, கூடினால் நானே வந்து சொல்லுவேன் என்றாயாம். கிழவி உன் கையில் இரண்டு தோடம்பழம் தந்து அனுப்பினாவாம்.

நான்தான் கேட்டேன், "வயசு போன மனுசியல்லோ, ஏன் சொல்லிப் பயப்பிடுத்துவான்?" என்று. நீ நண்டை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய். "அம்மா, அந்த வீட்டிலை படுத்தெழும்புறது அவ. முதல் தெரியவேண்டியது அவவுக்குத்தான்" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிய, கோயில் முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து உன் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டேன்.

அதே கிழமையில் நீ என்ன செய்தாய் என்று இப்போது யோசித்துப் பார். எங்கள் பின்வளவுக்கு அடுத்ததாய், பரிஸ் டொமினிக் தன் தகப்பனின் காணியில் விருந்தினர் விடுதி கட்டத் தொடங்கியிருந்தான். மேலே நீச்சல் குளம், அதற்குக் கீழே மழைத்தண்ணீர் சேமிக்க ஒரு தாங்கி, அதற்காக ஆழமாய் வெட்டிய ஒரு பெரிய கிடங்கு. அவன் பரிஸில், வேலையைப் பார்ப்பது மேசன் சிவம். சுற்றிவரத் தகர வேலி அடித்திருந்ததால் எனக்கு உள்ளே ஒன்றும் தெரியாது, தண்ணீர் இறைக்கிற மோட்டார்ச் சத்தம் மட்டும்தான். நீ ஒருநாள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாய். முகம் கறுத்துப் போயிருந்தது. "என்ன தம்பி?" என்றேன். "வெயில் அம்மா" என்றாய். வெயிலாம். அன்று பின்னேரம் உன் பையிலிருந்து கண்ணாடி போன்ற மூன்று துண்டுகளை எடுத்து, குசினிச் சுவரில் வெடிப்பு இருந்த இடங்களில் ஒட்டினாய். ஒவ்வொன்றும் இரண்டு தட்டு, கீழ்த் தட்டில் சின்னச் சின்னக் கட்டங்கள், மேல் தட்டில் ஒரு சிவப்புச் சிலுவை. என்ன இது என்றதற்கு, "சுவர் எவ்வளவு சூடாகுது எண்டு பாக்கிற சாமான், ஒப்பிசிலை புதுசா வந்திருக்கு" என்றாய். நான் நம்பினேன். சிலுவை இருந்தபடியால் சின்ன மாமி வந்தபோது அதைத் தொட்டுக் கையை முத்தமிட்டா. நீ அவவையும் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்று சிரித்தாய்.

நீ கிடங்குக்குள் கண்டதை இப்போது அப்பாவிடமிருந்து முழுதாய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் தீவுகளின் நிலம் பார்க்க இரும்பு மாதிரி இருக்குமாம், ஆனால் அந்தக் கல்லுத் தட்டுக்குக் கீழே தண்ணீர் கரைத்த பொந்துகள் இருக்குமாம், அவற்றுக்குள் மணல் அடைந்திருக்குமாம். கிடங்குக்குள் ஊறுகிற தண்ணீரை இறைக்க இறைக்க, அந்த மணலும் சேர்ந்து வந்து, மேலே நிற்கிற வீட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போய்விடுமாம். கிடங்கின் எங்கள் பக்கத்துச் சுவரில் அப்படி ஒரு பொந்து வாயைத் திறந்திருந்ததை நீ கண்டிருக்கிறாய். கண்டுவிட்டு டொமினிக்குக்குப் போனில் சொல்லியிருக்கிறாய், அவன் "ஓம், பாக்கிறன்" என்றிருக்கிறான். அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறாய். ஒவ்வொரு நாளும் நான் காலைப் பூசைக்குப் போன பிறகு அப்பா அந்தச் சிலுவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து உனக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. "அம்மாவுக்கு வேண்டாம், கலியாண நேரம், அந்தரப்படுவா." இதுதான் நீ சொன்னதாம். நான் பூசையால் வரும்போது தகப்பனும் மகனும் போனில் இருப்பீர்கள். கிரிக்கெட் கதைக்கிறீர்களாக்கும் என்று நினைத்து, தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பேன்.

என்னோடு கதைக்கும்போது நீ கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அம்மா, குசினிக் கதவு ஒழுங்காய்ப் பூட்டுதோ?" சாப்பிட்டீர்களா என்று கேட்க மறந்தாலும் அதைக் கேட்க மறக்க மாட்டாய். நான் அதைக் கள்ளருக்குப் பயந்து கேட்கிறாய் என்று நினைத்தேன். பிள்ளைக்கு எவ்வளவு கரிசனை என்று மனம் நிறைந்துபோய், ஒவ்வொரு தடவையும் "ஓம் ராசா, நல்லாப் பூட்டுது" என்றேன். அது பொய்யில்லை. உண்மையில் நடுவில் கதவு இறுகத் தொடங்கியது. கலியாண வீட்டுக்கு வருகிற சனம் இழுத்துப் பறித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று நான்தான் மரவேலை ஓடாவியாரைக் கூப்பிட்டு, இறுகிய பக்கத்தைச் சீவுவித்தேன். பிறகு இன்னொருதரம் இறுகியது, இன்னொருதரம் சீவினார். "என்னக்கா, காய்ஞ்ச மரம் இப்பிடி இறுகுது" என்று அவரே யோசித்தார். அடித்தளம் இறங்கினால் முதலில் கதவுதான் இறுகும் என்று உனக்குத் தெரியும். ஏன் கேட்கிறாய் என்று நீ ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் ஓடாவியாருக்கு முன் உன்னையல்லவா கூப்பிட்டிருப்பேன்?

தண்ணீர்க் கதையும் அப்படித்தான். சிவம் இறைத்து வாய்க்காலில் விடுகிற தண்ணீர் முதலில் கண்ணாடி மாதிரி ஓடியது. பிறகு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளையாய் வந்தது, வாய்க்கால் கரையில் மணல் படியத் தொடங்கியது. எங்கள் கிணறும் உவர்த்துப்போய்த் தேத்தண்ணீர் குடிக்க ஏலாமல், நான் குடிதண்ணீருக்குப் பவுசர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவிடம் சொன்னேன். "சுண்ணாம்புக் கல்லல்லோ, வெள்ளையாய்த்தான் வரும்" என்றார். தெளிந்த தண்ணீர் வரும்வரை பயமில்லை, கலங்கி வந்தால் நிலமே வெளியே வருகிறது என்று அர்த்தம் என்று நீ இப்போது சொல்கிறாய். அந்த மணலை நான் நாள்தோறும் மிதித்துக்கொண்டு பூசைக்குப் போனேன். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல், ஒரு ஆள் பார்க்கவில்லை என்று சொல்ல ஏலுமா?

அன்றைக்கு ஓரா மீன் வாங்கி, குசினிக்குப் பின்னால் கல்லில் இருந்து அறுத்துக்கொண்டிருந்தேன். முன் அறையில் போன் அடித்தது. நீ கட்டப்போகிற நிலானியின் தாய். கேக் எத்தனை தட்டு வைப்பது என்று கேட்கத் தொடங்கி, தன் தங்கையின் மகளின் கலியாணத்தில் கேக் சாய்ந்த கதைக்குப் போய், அங்கிருந்து சீலைக்குப் போய்விட்டா. மீன் கையோடு நின்று, மனுசி எப்போது வைப்பா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு "ஓம், ஓம்" போட்டேன். பின்னால் நிறை மூட்டையைத் தொப்பென்று போட்ட மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் குசினிக்குள் வெயில் அடிக்கிறது. மூலைச் சுவர் இல்லை. நான் இருந்த கல் இல்லை, மீன் சட்டி இல்லை, பலகை இல்லை. அந்த இடத்தில் ஒரு குழி, அடியில் தண்ணீர் அசைகிறது. பூனை மதிலில் ஏறி நின்று என்னைப் பார்த்தது. நிலானியின் தாயின் அலட்டலைப் பற்றி இனி என் வாயால் ஒரு சொல் சொல்ல மாட்டேன். அவ கொஞ்சம் சுருக்கமாய்க் கதைக்கிற பெண்ணாய் இருந்திருந்தால் நீ இப்போது கலியாணத்துக்கு வராமல் செத்தவீட்டுக்கு வந்திருப்பாய்.

அப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் முதலில் என் காதில் பட்டது. தகரத்தின் இடுக்கால் பார்த்தேன், கிடங்கின் அடியில் பெடியன்கள் குனிந்து மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சுவரால் வெள்ளைத் தண்ணீர் கொட்டுகிறது, அவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கூப்பிட்டேன், மோட்டார்ச் சத்தத்தில் கேட்கவில்லை. பானை மூடியை எடுத்துத் தகரத்தில் அடித்தேன். சிவம் மேலே நிழலில் இருந்து எழும்பி வந்தான்.

"என்னக்கா?"

"பெடியளை மேலை எடு."

"பயப்பிடாதேங்கோ அக்கா. கல்லு நிலம், இரும்பு. குண்டு போட்டாலும் அசையாது."

நான் அவனோடு வாய் கொடுக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் குசினியைக் காட்டினேன். திரும்பி ஓடிப்போய்க் கத்தினான். பெடியன்கள் ஏணியில் ஏறி ஒவ்வொருவராய் வெளியே வந்தார்கள். கடைசியாய் வந்தவன், "என்ன அக்கா, என்ன நடந்தது?" என்று என்னிடம் கேட்டான். அவர்களுக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நீ எச்சரித்ததை டொமினிக் சிவத்துக்குச் சொல்லவில்லையாம். ஏன் என்றதற்கு, "சொன்னால் பெடியள் பயந்து வேலையை விட்டிட்டுப் போடுவாங்கள் அக்கா" என்று பரிஸிலிருந்து எனக்கு விளக்கம் சொன்னான். பார்த்தாயா, நீ எனக்குச் சொல்லாததற்கும் அவன் அவர்களுக்குச் சொல்லாததற்கும் ஒரே நியாயம்தான். ஆனால் அவன் பரிஸில் துணிக்கடை நடத்துகிறவன். நீ இதையே படித்தவன்.

அப்பா சந்தையால் வந்து, குழியைக் கண்டு, உனக்குப் போன் எடுத்தார். சத்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டிருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன் நீ கேட்டாய், "அம்மா எங்கை? குசினிப் பக்கம் இல்லைத்தானே? அவவைப் பின்பக்கம் விடவேண்டாம் எண்டு சொன்னனானல்லோ?" நான் பக்கத்தில் நின்றேன். பின்பக்கம் விடவேண்டாமாம். மாடா நான்? அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாய் விளங்கியது. வெயில், சூடு பார்க்கிற சாமான், கதவு, காலைக் கிரிக்கெட்டு. நீ அழுதுகொண்டு, தண்ணீரை இனி இறைக்க வேண்டாம், கிடங்கு நிரம்பட்டும், தண்ணீரின் பாரம்தான் இப்போதைக்கு மண்ணைப் பிடிக்கும் என்றாய். அதைச் சிவத்துக்குச் சொன்னேன், அவன் அப்படியே செய்தான். அந்த விஷயத்தில் நீ சொன்னது சரி என்று பிறகு வந்து பார்த்த இஞ்சினியரும் சொன்னார். உன் கெட்டித்தனத்தில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

பிறகு உன் சிலுவைகளைப் போய்ப் பார்த்தேன். ஒன்று சுவரோடு போய்விட்டது. மிஞ்சிய இரண்டிலும் சிவப்புச் சிலுவை கட்டங்களின் ஓரத்துக்கே போய் நிற்கிறது. நீ அப்பாவைக் கேட்டாய், "நேற்றும் அதேதான் எண்டு சொன்னியளே அப்பா?" இப்போது நான் சொல்லப் போவதை அவர் உனக்குச் சொல்ல மாட்டார். அவருக்குச் சீனி வருத்தத்தால் இடது கண் போய்விட்டது. வலது கண்ணிலும் புகை. கடலுக்குப் போகாமல் விட்டது இடுப்பு நோவால் இல்லை. அந்தக் கோடுகள் அவருக்குத் தெரியவே இல்லை. தெரியவில்லை என்று சொன்னால் நீ தூரத்தில் இருந்து கண்ணைப் பற்றி யோசிப்பாய் என்று, ஒவ்வொரு நாளும் சுவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்து, "அதேதான் தம்பி, மாறேல்லை" என்று சொல்லியிருக்கிறார். கண்ணை உனக்கு ஒளித்தது அவர் மட்டுமில்லை, நானும்தான். கலியாணம் முடியட்டும் என்று சொன்னதே நான்.

ஆனால் நீயும் கேள். வெயிலுக்குச் சுவர் விரியும், குளிருக்குச் சுருங்கும், உயிருள்ள வாசிப்பு தினமும் கொஞ்சம் ஆடும் என்று நீயே அல்லவா மேசையில் சொன்னாய்? வாரக்கணக்காய் ஒரே இலக்கம் வந்தபோது உனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லையா? அந்தச் சிங்கப்பூர்க் கருவி ஒன்று அப்படி நின்றிருந்தால் நீ அடுத்த நாளே போய்க் கழற்றிப் பார்த்திருப்பாய். தகப்பன் சொன்னால் மட்டும் நம்பிவிடுவாய், ஏனென்றால் நல்ல செய்தி கேட்க உனக்கும் விருப்பம். இந்த வீட்டில் கண் தெரிகிற ஆள் நான் ஒருத்தி. நூல் கோர்க்க இன்றைக்கும் எனக்குக் கண்ணாடி வேண்டாம். என்னிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இது எனக்குப் புதிதும் இல்லை. நீ வயிற்றில் இருந்தபோது ஒருமுறை அப்பாவின் வள்ளத்தில் மெசின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஊர் முழுக்கத் தெரியும். எனக்குத் தெரியாது. அன்று பகல் முழுக்க வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், வாழைப்பழம், முட்டை, பிட்டு. "சாப்பிடு பிள்ளை, சாப்பிடு" என்று எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையை, வயிற்றுப் பிள்ளைக்காரி என்ற பாசம் என்று எடுத்துக்கொண்டு, நானும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டேன். அவர் நெடுந்தீவில் கரை சேர்ந்து, அங்கிருந்து வந்த வள்ளத்தில் ஏறி வந்து வாசலில் நின்றபோதுதான் நடந்ததே எனக்குத் தெரியும். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அவர் வந்த சந்தோஷத்தைவிட, அவர் கடலில் கிடந்த நேரம் நான் முட்டை தின்று சிரித்துக்கொண்டிருந்தேனே என்ற வெட்கம்தான் கூட. ஒரு செபம் சொல்லக்கூட என்னை விடவில்லை. அந்தப் பிட்டின் ருசி இன்றைக்கும் எனக்கு வாயில் நிற்கிறது. அதற்குப் பிறகும் நான் திருந்தினேனா? நீ சிங்கப்பூர் போன புதிதில் அப்பா நெஞ்சு நோவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "வள்ளத்துக்குப் போயிட்டார்" என்று உனக்குச் சொன்னவள் நான்தான். இப்படி ஆளுக்காள் பாசம் வைத்துவைத்து, இந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

நிலானிக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன், குழியையும் சொன்னேன், மாமாவின் கண்ணையும் சொன்னேன். பெண் வீட்டுக்கு ஏன் இதெல்லாம் என்று அப்பா கையைக் காட்டினார், நான் பார்க்காத மாதிரி நின்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மாமி, அப்ப எனக்கு அவர் என்னத்தை ஒளிக்கிறார்?" என்றாள். நல்ல பெட்டை. "அதை நீயே கேள் பிள்ளை, கேட்டுக்கொண்டே இரு" என்றேன். உனக்கு நான் கலியாணப் புத்திமதி என்று வேறு ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவள் பயப்படுவாள், அழுவாள், உன்னோடு சண்டை பிடிப்பாள். பிடிக்கட்டும். அவள் இருக்கிற வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியட்டும்.

அடுத்த கிழமை அப்பாவைக் கண் காட்ட யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போகிறேன். டொக்டர் நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் அன்றைக்கே உனக்குச் சொல்லுவேன். நடு அறைச் சுவரில் இப்போது ஒரு மெல்லிய வெடிப்பு வந்திருக்கிறது. குசினிச் சுவரில் மிஞ்சியதில் ஒரு சிலுவையைச் சிவத்தைக் கொண்டு கழற்றி, அதில் ஒட்டுவித்து, நானே வாசிக்கிறேன். நேற்றுப் பின்னேரம் அரைக் கோடு கூடியிருந்தது, இன்று விடிய அது குறைந்திருந்தது. ஆடுகிறது, ஆகவே கருவி உயிரோடு இருக்கிறது. நாங்கள் முன் விறாந்தையில் படுக்கிறோம், பின்பக்கம் கயிறு கட்டியிருக்கிறது. ஆனால் எந்தக் கோட்டைத் தொட்டால் நான் எழும்பி வெளியே போக வேண்டும் தம்பி? அந்த எல்லையை நீ அப்பாவுக்கும் சொல்லவில்லை, டொமினிக்குக்கும் சொல்லவில்லை. உன் தலைக்குள் மட்டும் வைத்திருக்கிறாய்.

விமானச் சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். பெரியம்மாவுக்கு அறையைப் பூட்டச் சொல்லிவிட்டேன். நான் பிடிவாதக்காரி, வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று நீ ஊருக்கெல்லாம் சொல்லாதே, நான் அப்படி ஒருக்காலும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவே இல்லையே. கலியாணத்துக்கு முன் நீ இங்கே வா. பின்பக்கச் சந்தால் வராதே, பின்வளவு இப்போது இல்லை. முன்னால் வந்து, ஒரு அந்நிய மனுசியின் வீட்டுக்கு வந்த மாதிரி, கதவைத் தட்டு. நான் திறப்பேன். என் முகத்தைப் பார்த்து, "உங்கடை வீடு அசையுது, இந்தக் கோட்டுக்கு வந்தால் நீங்கள் வெளிக்கிட வேணும்" என்று சொல். அந்தக் கோடு ஏற்கெனவே தாண்டிவிட்டது என்றால் அதையும் சொல். வீட்டுத் திறப்பை உன் கையில் தந்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நிமிடமே இறங்கி வருவேன். தோடம்பழம் இங்கே வாங்க ஏலாது. இரண்டு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா